ஏட்டில் எஞ்சிய உரோமாபுரி

உரோமாபுரியில் பாலத்தீன் குன்றின் தென்கிழக்குச் சரிவிலே, பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் கி.பி. 203ஆம் ஆண்டில் எழுப்பிய பெருமுகப்பு ஒன்று இருந்தது. செப்டிசோனியம் என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள லெப்டிஸ் மாநகரிற் பிறந்தவர் அப்பேரரசர். தம் பிறந்த நாட்டினின்றும் தலைநகருக்கு வருவோரின் கண்ணில் முதலிற் படவேண்டும் என்றே அதனை அவ்விடத்தில் நிறுவினார் என்பர். தூண் வரிசையின் மேல் தூண் வரிசையாக மூன்றடுக்கு உயர்ந்து நின்ற அம்முகப்பு, இடைக்காலத்திலே பெரும்பகுதி சரிந்து, ஒரு மூலை மட்டும் எஞ்சி நின்றது. 1588–89ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்னும் போப்பின் ஆணைப்படி தொமெனிக்கோ பொந்தானா என்ற கட்டடக் கலைஞர் அம்மூலையையும் பெயர்த்தெடுத்துக் கற்களை வேறு பணிகளுக்கு அனுப்பிவிட்டார். ஆயினும் அதன் தூண்கள் எவ்வாறு அமைந்திருந்தன, கொடுங்கை எவ்வாறு வளைந்திருந்தது என்பதை நாம் இன்றும் கூற முடிகின்றது. இடிபடுமுன்னர் அதனை ஓவியரும் கட்டடக் கலைஞரும் பலகால் வந்து வரைந்து சென்றிருந்தமையே காரணம்.

மறுமலர்ச்சிக் காலத்துக் கலைஞர்கள் பண்டை உரோமின் கட்டடங்களையும் அணிவேலைப்பாடுகளையும் வரைந்து வைத்த ஏடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்று கைகூப்பி விடுகின்றனர். அழியவிருந்த செல்வத்தைக் கோட்டிலே காத்துத் தந்த நல்லோர் என அவர்களைப் போற்றுகின்றனர். அப்போற்றுதலில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஏடுகளின் தாள்களைச் சற்றுப் பொறுமையுடன் புரட்டுவோர்க்கு வேறு சில செய்திகளும் புலனாகும். வரைந்தவன் கண்டதை வரைந்தானா, காண விரும்பியதை வரைந்தானா, பிறனொருவன் வரைந்ததைப் பார்த்து வரைந்தானா என்னும் வினா ஒவ்வொரு தாளிலும் எழுகின்றது. அவன் வரைந்துகொண்டிருந்த நாளில் அக்கட்டடத்தின் கற்களைப் பெயர்த்துச் சென்றவர் யார் என்னும் வினா அதனினும் கடியது. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பாராட்டுரை வழங்குவது திறனாய்வு ஆகாது.

முதலில் இவர்களுடைய தொழிலை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவர்கள் பழம்பொருள் ஆராய்ச்சியாளர் அல்லர். கட்டுவோர், செதுக்குவோர், தீட்டுவோர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருனெல்லெஸ்கியும் தொனத்தெல்லோவும் உரோமின் இடிபாடுகளிடையே அளந்தும் அகழ்ந்தும் திரிந்தபோது, அவர்களைப் புதையல் தேடுவோர் என்றே ஊரார் எண்ணினர் என வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஊரார் எண்ணியது முழுப் பிழையும் அன்று. அவர்கள் தேடிய புதையல் பொன்னாக இல்லாமல் அளவாக இருந்தது, அவ்வளவே. தம் நாட்டிற் கட்டவிருக்கும் கோயிலுக்கும் மாளிகைக்கும் வேண்டிய தூண்தலையையும் தூணடியையும் அவர்கள் அங்கே தேடினர். ஆகவே பயன் கருதி வரைந்தவை இவை. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும் உரிமை தமக்குண்டு என வரைந்தவர்கள் கருதினர்.

எனினும் பயன் கருதி வரைந்தோருள்ளும் இருவகையினர் உளர். இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒன்று, ஜூலியானோ த சங்கல்லோ வரைந்து இப்போது வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் பார்பெரினி ஏடு. பெரிய தோல் தாள்களால் ஆனது. 1465இல் தொடங்கியதாக அதன் முகப்புத் தாளிலே ஜூலியானோ எழுதியிருக்கின்றார். 1516இல் அவர் இறக்கும் வரையில் அவருடனேயே வளர்ந்த ஏடு என்று கொள்ளலாம். மற்றொன்று, இலண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் உள்ள கோனர் ஏடு. ஆந்திரேயாஸ் கோனர் என்ற ஜெர்மானியக் குருவின் கடிதப் படியொன்று அதிலே காணப்பட்டதால் இப்பெயர் வழங்கிவிட்டது. உண்மையில் வரைந்தவர் பெர்னார்தோ தெல்லா வொல்பாயா என்னும் பிளாரன்ஸ்காரர் என 1975இல் நிறுவப்பட்டது. கடிகாரங்களும் அளவுக் கருவிகளும் செய்வதிற் பெயர் பெற்ற குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பக் கை ஏடெங்கும் தெரிகின்றது.

ஜூலியானோவின் தாள்கள் அழகில் ஒப்பற்றவை. வெற்றி வளைவுகள் முழுமை பெற்று எழுகின்றன. சிதைந்த சிற்பங்கள் முகமும் கையும் பெறுகின்றன. இடிந்த மேற்பகுதிகள் வானத்தைத் தொடுகின்றன. எங்கே கல் முடிந்தது, எங்கே கற்பனை தொடங்கியது என்பதைக் காட்டும் குறிப்பு பெரும்பாலும் இல்லை. இன்னுமொன்று. தாம் ஒருபோதும் சென்றறியாத ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயிலும், கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயா சோபியாவும் கூட அவருடைய ஏட்டில் இடம்பெறுகின்றன. அங்கோனா நகரத்துச் சிரியாக்கோ என்ற யாத்திரிகர் ஒரு தலைமுறைக்கு முன்னர் நேரிற் சென்று வரைந்தவற்றின் வழியே அவை அவருக்குக் கிட்டின. ஆயா சோபியாவை நேரிற் கண்டறிந்த அன்பர் எவரேனும் அத்தாளைப் பார்க்க நேர்ந்தால், இத்தாலியக் கோயிலொன்று கிழக்கத்திய ஆடை அணிந்து நிற்பதாகவே எண்ணுவர். கண்ணின் சான்றும் செவிவழிச் சான்றும் ஒரே மையினால், ஒரே உறுதியுடன் வரையப்பட்டிருப்பதே அவ்வேட்டின் குறை. அதன் கவர்ச்சியும் அதுவேயாகலாம்.

கோனர் ஏடு இதற்கு நேர்மாறானது. 1513–1515ஆம் ஆண்டளவில் எழுந்த அதில் மெல்லிய நேர்க்கோடுகளும், கோடுகளின்மேல் நெருக்கமாக எழுதிய எண்களுமே கண்ணிற் படுகின்றன. அளவை பிளாரன்ஸ் முழம். ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். அம்முழத்தை அறுபது கூறாக்கி, அக்கூற்றளவிற்கு ஒரு கொடுங்கையின் ஒவ்வொரு விளிம்பையும் குறிக்கின்றார் வொல்பாயா. கொடுங்கையை ஒரு பக்கத்தில் வெட்டிக் காட்டி, அவ்வெட்டின் ஓரத்தினின்று வேலைப்பாடு பின்னோக்கிச் செல்வதையும் அதே படத்திற் காட்டும் முறை அவருடையது. கல்தச்சனுக்கு வேண்டியது இவ்விரண்டுமே. ஆனால் இவ்வேட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. அதனை எவரும் அழுத்திக் கூறியதாகத் தெரியவில்லை. தாள்கள் கட்டடத்தின்படி வகுக்கப்படவில்லை, உறுப்பின்படி வகுக்கப்பட்டுள்ளன. தரைப்படங்கள் ஓரிடம், கொடுங்கைகள் ஓரிடம், தூண்தலைகள் ஓரிடம், தூணடிகள் ஓரிடம். ஒரே கோயிலின் தலையும் அடியும் வெவ்வேறு தாள்களிற் கிடக்கின்றன. ஓர் உடலை அறுத்துக் கைகளையெல்லாம் ஒரு பேழையிலும் கால்களையெல்லாம் ஒரு பேழையிலும் அடுக்கியதை ஒக்கும் இது. அளவு தவறவில்லை, கட்டடந்தான் காணாமற் போயிற்று.

மைக்கலாஞ்சலோ இவ்வேட்டைக் கையிலெடுத்தபோது நேர்ந்தது கவனத்திற்குரியது. பிளாரன்சின் சான் லொரென்சோ கோயில் முகப்புக்குத் திட்டமிட்ட காலத்தில், 1516ஆம் ஆண்டை ஒட்டி, அவர் இதிலிருந்து பல தாள்களைச் செஞ்சுண்ணத்தாற் படியெடுத்தார். அப்படிகள் இன்று பிளாரன்சிலும் இலண்டனிலும் உள்ளன. வொல்பாயா அரும்பாடுபட்டுக் குறித்த எண்களை மைக்கலாஞ்சலோ விட்டுவிட்டார். வளைவும் விளிம்பும் மட்டும் அவருக்குப் போதுமானவை. உரோமில் வாழ்ந்த அவர், நடந்து சென்று கல்லையே பார்த்திருக்கலாம். ஆயினும் தாளைப் பார்த்தே வரைந்தார். பழமை என்பது அதற்குள்ளாகவே ஏட்டுச் செல்வமாக மாறிவிட்டிருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இனிப் பாந்தியன் கோயிலுக்கு வருவோம். பண்டைக் கட்டடங்களுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சி நின்றது அஃதொன்றே. எனவே கற்பனைக்கு அங்கே இடமிருந்திருக்கக் கூடாது. நிகழ்ந்ததோ வேறு. அதன் உட்புறத்திற் கீழடுக்கில் பெருந்தூண்கள். இடையடுக்கில் சிறு சுவர்த்தூண்கள். அதன் மேலே வரிசைக்கு 28 குழிப்பெட்டிகளைக் கொண்ட குவிமாடம். கீழடுக்கு எட்டாகப் பகுக்கப்பட்டிருக்க, மேலே இருபத்தெட்டுப் பகுப்பு. ஆகவே ஒன்றன் நேர்க்கோட்டில் மற்றொன்று அமையவில்லை. தூணின்மேல் தூண் நிற்க வேண்டும், சுமையின்மேல் சுமை நேராக இறங்க வேண்டும் என்னும் விதியிற் பயின்ற 15ஆம் நூற்றாண்டுக் கண்ணுக்கு இது பெருங்குற்றமாகத் தோன்றிற்று. பிரான்செஸ்கோ தி ஜோர்ஜோ வரைந்த பாந்தியனிலே மேலும் கீழும் ஒழுங்காக இணைந்துவிட்டன. கட்டடத்தின் பிழையைப் படம் திருத்திவிட்டது. திருத்தியதை வாய்விட்டுச் சொல்லவுமில்லை. பின்வந்த அந்தோனியோ த சங்கல்லோ அத்துணை ஒளிமறைவு காட்டவில்லை. பிழை என்று எழுதியே குறித்துவிட்டு, தாம் கட்டியிருந்தால் எங்ஙனம் கட்டியிருப்பார் என்பதை வரைந்து காட்டினார். இருவரும் பாந்தியனுடன் வழக்காடியவர்களே. ஆனால் எதிராளியின் வாக்குமூலத்தை மாற்றி எழுதாமல் வழக்காடியவர் அந்தோனியோ. என் மதிப்பில் அவரே மேலானவர்.

ரபேல் வரைந்த பாந்தியன் உட்புறப்படம் பிளாரன்சின் உபிசியில் இருக்கின்றது. கையாட்சியின் நேர்த்தியால் புகழ்பெற்றது. கண்ணை விட்டகலாத படம். ஆனால் சுற்றுச்சுவரின் ஒரு பகுதி அதிலே விடுபட்டுப் போயிற்று. உட்புறத்தின் வட்டத்தை ஒரே பார்வையில் அடக்க முயன்றதன் விளைவு எனலாம். வியப்பு யாதெனின், எஸ்கோரியல் ஏடு என வழங்கும் வேறொரு தொகுப்பிலுள்ள பாந்தியன் படத்திலும் அதே பகுதி விடுபட்டிருக்கின்றது. இருவர் தனித்தனியே ஒரு கட்டடத்தின் முன் அமர்ந்து ஒரே பிழையைச் செய்தல் அரிது. ஒரு தாள் மற்றொரு தாளைப் பார்த்தது, அல்லது இரண்டும் மூன்றாவதொரு தாளைப் பார்த்தன. எது மூத்தது, எது இளையது என அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர். பாந்தியனுக்குள் நின்று தலையை நிமிர்த்திப் பார்ப்பதைவிடத் தாளைத் திருப்புவது எளிதாயிருந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

கட்டடங்களுக்கு நேர்ந்தது இவ்வாறெனின், அணிவேலைப்பாடுகளுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. கி.பி. 64இல் உரோம் எரிந்தபின் நீரோ மன்னன் எழுப்பிய பொன்மாளிகையின் கூடங்களை மண்ணால் நிரப்பி, அவற்றின் மேலேயே டிராஜன் தன் நீராடு மண்டபங்களைக் கட்டினான். 1480ஆம் ஆண்டை ஒட்டி அக்கூடங்கள் மீண்டும் கண்டறியப்பட்டன. கூரையில் விழுந்த துளைகள் வழியே ஓவியர்கள் பந்தத்துடன் இறங்கினர். கூடங்கள் மேல்விளிம்பு வரை மண் மூடிக் கிடந்தமையால், வளைகூரை அவர்கள் முகத்தருகே இருந்தது. அங்கே சிலர் தம் பெயர்களையும் கீறி வைத்திருக்கின்றனர். மெல்லிய தண்டின்மேல் அமர்ந்த பறவை, இலையாய் முடியும் பெண்ணுடல், கொடிக்கருக்கினுள்ளே தொங்கும் விளக்கு, பாரமேயில்லாத மண்டபம் ஆகிய விந்தைகள் அங்கு விரிந்திருந்தன. தாம் காண்பது பூமிக்கடியிற் புதைந்த மாளிகை என்பதை அன்றைய பொதுமக்கள் அறிந்தாரில்லை. குகை என்றே எண்ணினர். அதனால் அவ்வகைச் சித்திரத்துக்கு ‘குரோத்தெஸ்க்’, அதாவது குகைச்சித்திரம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இவ்விடத்தில் வரைந்தோரை மனமாரப் பாராட்டுதல் வேண்டும். அடியில் இருந்தவரை நிறம் மங்காத அச்சித்திரங்கள், ஈரமும் காற்றும் பட்டு மெல்ல மறைந்துவிட்டன. போர்ச்சுகல் நாட்டுப் பிரான்சிஸ்கோ த ஒலாந்தா 1538 முதல் 1540 வரை உரோமில் தங்கியிருந்தபோது, பொன்கூரை எனப்படும் பெருங்கூடத்தின் வளைகூரையை வண்ணத்தோடு வரைந்தார். நீலமும் செம்மையும் பொன்னும் எவ்வெக் கட்டத்தில் அமைந்திருந்தன என்பதற்கு இன்று அத்தாளே தலையாய சான்று. ஜோவான்னி த உதினே அவ்வளவோடு நிற்கவில்லை. அக்கூரைகளின் வெண்சுதை எதனாலானது என்று ஆராய்ந்து, பல கலவைகளைச் செய்து பார்த்து, இறுதியில் டிராவெர்ட்டைன் கல்லைச் சுட்ட சுண்ணாம்புடன் வெண்பளிங்குத் தூளைக் கலந்தால் அது கிட்டுகின்றது எனக் கண்டறிந்ததாக வசாரி எழுதுகின்றார். 1519இல் நிறைவுற்ற வத்திக்கான் திண்ணைக் கூடத்தில் ரபேலின் தலைமையில் அக்கலவை மீண்டும் சுவரேறிற்று. கோட்டை மட்டும் படியெடுத்தவர் பலர். பொருளையும் முறையையும் மீட்டவர் ஜோவான்னி. இந்த ஏடுகளெல்லாம் சேர்ந்து தராத ஒன்றை ஒரு கொற்றனின் குழைவுத்தட்டு தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

முன்னர்க் குறித்த எஸ்கோரியல் ஏட்டுக்கு மீண்டும் வருவோம். ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் நூலகத்தை நம் வாசகர்கள் அங்குள்ள அரபுக் கையெழுத்துப் பிரதிகளின் வாயிலாக அறிந்திருக்கக்கூடும். ஒலாந்தாவின் தொகுப்பும் அங்கேதான் உள்ளது. இந்த எஸ்கோரியல் ஏடு பிளாரன்சின் கிர்லாந்தாயோ பட்டறையில் உருவானது என நெடுநாள் கருதப்பட்டது. இப்போது அதில் அறிஞர்கள் ஒத்திலர். அஃது எங்ஙனம் ஸ்பெயினை அடைந்தது என்பதற்கு விடை கிரனாடாவை அடுத்த லா கலஓர்ரா கோட்டையிற் கிடைக்கின்றது. சியெர்ரா நெவாதா மலையின் வடபுறத்து நிலங்களைப் பெற்றவர் கர்தினால் மெந்தோசாவின் மகன் ரொட்ரிகோ. செனெத்தே பிரபு என்பது அவர் பட்டம். 1509 முதல் 1512 வரை அவர் அங்கே ஒரு கோட்டை கட்டினார். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு நான்கு மூலையிலும் உருண்ட கோபுரங்கள் கொண்ட முரட்டுக் கல்மலை. உள்ளே நுழைந்தாலோ இத்தாலியப் பளிங்கு, மெல்லிய தூண்கள், வளைவுகள் சூழ்ந்த முற்றம்! ஜெனோவாவிலிருந்து கலைஞர்களும் பளிங்கும் வந்தன. வாயில் நிலைகளிற் செதுக்கிய உருவங்களும் கொடிக்கருக்கும் எஸ்கோரியல் ஏட்டின் தாள்களோடு ஒத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளனர். இத்தாலி சென்று மீண்ட பிரபுவே ஏட்டைக் கொண்டுவந்திருத்தல் கூடும்.

அக்கோட்டையைச் சுற்றிலும் வாழ்ந்த உழவர்கள் முஸ்லிம்கள். அல்லது, சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கட்டாயத்தால் மதம் மாற்றப்பட்டோர். கோட்டையின் வெளிச்சுவர் அவர்களுக்காக; உட்சுவர் விருந்தினருக்காக. நூறு கல் தொலைவில்கூட இல்லை அல்ஹம்ரா. கொடிக்கருக்கும் சுதைவேலையும் அங்கே நூற்றாண்டுகளாக வளர்ந்து முதிர்ந்திருந்தன. அதனை விடுத்து, கடலுக்கு அப்பாலிருந்த உரோமின் இலையையும் கொடியையும் ஏட்டின் வழி வரவழைத்துக்கொண்டார் அப்பிரபு. இதனைச் சுவை மாற்றம் என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. வென்றவன் தன்னை உரோமனாகக் காண விரும்பினான். அதற்கு வேண்டிய அணிகலனை ஏடு வழங்கிற்று. உரோமிலே ஏதோவொரு கல்லில் ஏதோவொரு பொருளுடன் நின்ற உருவம், தாளில் ஏறியவுடன் அப்பொருளை உதிர்த்து எவர் கையிலும் பொருந்தும் நகையாகிவிட்டது.

இனி அந்தக் கடிய வினா. கற்களைப் பெயர்த்தவர் யார்? மறுமொழி தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பிரமாந்தே இறந்தபின் 1514இல் புனித பேதுரு கோயிற் பணியின் தலைமை ரபேலிடம் வந்தது. 1515 ஆகஸ்டு 27ஆம் நாள் பத்தாம் லியோ போப் அவருக்கு ஓர் ஆணை வழங்கினார். உரோமிலும் அதனைச் சூழ்ந்த பத்து மைல் எல்லையிலும் தோண்டி எடுக்கப்படும் கற்கள் அனைத்தையும் மூன்று நாட்களுக்குள் ரபேலுக்கு அறிவித்தல் வேண்டும்; பேதுரு கோயிலுக்கு வேண்டியவற்றை அவர் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். எழுத்துப் பொறித்த கல்லை அவருடைய இசைவின்றி எவரும் அறுத்தலாகாது. இவ்வாணையைப் பழமைப் பாதுகாப்பின் தொடக்கம் எனப் பாராட்டுவோர் பின்பகுதியை மட்டும் படிக்கின்றனர். முன்பகுதி கல் கொள்முதல் ஆணை.

நான்காண்டுகள் கழித்து, நண்பர் கஸ்திலியோனேயின் எழுத்துத் துணையோடு, ரபேல் அதே போப்புக்கு ஒரு கடிதம் வரைந்தார். தாம் உரோமுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகூட நிறையாத காலத்தில் கண்ணெதிரே அழிந்துபோன கட்டடங்களை அதிலே ஒவ்வொன்றாகச் சொல்கின்றார். சிலைகளும் பளிங்குகளும் சுண்ணாம்புக் காளவாயிற் போனதைக் கூறி வருந்துகின்றார். புதிய உரோம் பழைய பளிங்கைச் சுட்ட சுண்ணாம்பினாலேயே கட்டப்பட்டது என்னும் உண்மையை மறைக்காமல் எழுதியவர் அவர். அதனையடுத்து, கட்டடத்தை வரைவோர் தரைப்படம், வெளிமுகப் படம், உள்வெட்டுப் படம் என்னும் மூன்றையும் தனித்தனியே அளவோடு தருதல் வேண்டும். தொலைவிற் சிறுத்துச் செல்லும் காட்சிப்படம் ஓவியனுக்கு ஏற்றது, கட்டடக் கலைஞனுக்கு அதில் அளவு கிட்டாது என்று நெறி வகுக்கின்றார். இத்துறையில் இதனினும் தெளிந்த உரை அந்நூற்றாண்டில் எழவில்லை. காட்சிப்படத்தின் மயக்கத்தாற் பாந்தியனில் ஒரு பகுதியையே இழந்த கை எழுதிய உரை என்பதை எண்ணும்போது அதன் மதிப்பு உயருகின்றது. கடிதம் குறிக்கும் பெரும்பணி முடியவில்லை; 1520 ஏப்ரல் 6ஆம் நாள், 37ஆம் வயதில் ரபேல் மறைந்தார்.

கடிதத்தின் துயரத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் வரைதல் என்பது இடித்தலுக்கு எதிரியாக நிற்கவில்லை என்பதையும், பலபொழுது அதன் கணக்கனாகவே நின்றது என்பதையும் ஏற்றல் வேண்டும். தாளில் அளவு ஏறிவிட்டால் கல்லின் கடமை தீர்ந்துவிடுகின்றது. 1570இல் வெளியான பல்லாடியோவின் நான்கு நூல்களில் இறுதியானது பண்டைக் கோயில்களைப் பற்றியது. ஒவ்வொரு கோயிலும் அதிலே புத்தம் புதிதாய் நிற்கின்றது. பிரமாந்தே கட்டிய புதுக் கோயிலொன்றும் அவற்றினிடையே சரிசமமாக வைக்கப்பட்டிருக்கின்றது. இவ்வளவு நிறைவான உரோம் கையிலிருக்க, அரைகுறையாய் நின்ற உரோமுக்காக வருந்துவோர் யார்?

இதற்கு விலக்காக நின்றவர் ஹார்லெம் நகரத்து மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க். 1532இல் உரோம் வந்து சில ஆண்டுகள் தங்கிய அவர் முழக்கோல் எடுத்தாரில்லை. சரிந்த கூரையைச் சரிந்தவாறும், புதர் முளைத்த விளிம்பைப் புதரோடும், பாதி எழும்பிய பேதுரு கோயிலை ஒரு புதிய இடிபாடு போலவும் வரைந்தார். பெர்லினில் உள்ள அவருடைய தாள்களைக் கொண்டு எவரும் ஒரு தூண்தலையைச் செதுக்க முடியாது. ஆனால் 1530களில் அக்கல் எந்நிலையில் இருந்தது என்பதை அவரளவு நம்பிக்கையாகச் சொல்பவர் அரியர்.

ரபேலின் கடிதம் வருந்திக் கூறும் இடங்களுள் ஒன்று நெர்வாவின் மன்றம். அவர் காலத்தில் அதன் ஒரு பகுதியே சுண்ணாம்பாயிற்று. மினர்வாவின் கோயில் முகப்புத் தூண்களோடு நின்றுகொண்டிருந்தது. பல்லாடியோ அதனை நெர்வாவின் கோயில் எனப் பெயரிட்டு அளவுகளோடு அச்சேற்றினார். 1606இல் ஐந்தாம் பவுல் போப் அதனை இடிப்பித்து, பளிங்கை ஜானிக்குலம் குன்றில் தாம் அமைத்த அக்குவா பாவோலா நீரூற்றுக்கு எடுத்துச் சென்றார். மன்றத்தின் சுற்றுமதிலைச் சேர்ந்த இரண்டு தூண்கள் மட்டும், தாம் தாங்கிய கொடுங்கையோடு, சாலையோரத்தில் இன்றும் நிற்கின்றன. எஸ்கோரியல் ஏடு உட்படப் பல ஏடுகளில் அவ்விரண்டின் படமும் உண்டு. இவ்வேடுகளை எவ்வளவு நம்பலாம் என்று அளந்தறிய விழைவோர், தாளைக் கையிலேந்திக் கல்லின் எதிரே நின்று பார்ப்பதற்கு எஞ்சியிருக்கும் சில இடங்களுள் அதுவும் ஒன்று.